நிலவறை இல்லாத வைன்

யாழ்ப்பாணத்தில் துறவிகள் திராட்சை பயிரிட்டு வைன் வடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்தே அங்கே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. தேனி மாவட்டத்தில் ராயப்பன்பட்டிப் பக்கம் பிறந்து வளர்ந்தவன் நான். கண் விழித்தால் திராட்சைப் பந்தல்தான். கல் தூண் நட்டு, கம்பி இழுத்து, கொடியை மேலே ஏற்றிவிட்டால் அதன் நிழலிலேயே பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள். தமிழ்நாட்டுக்கு இந்தப் பன்னீர் திராட்சையைக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார், ஆண்டு 1832 என்று சொல்வார்கள். 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் எங்கள் வீட்டில் அது எப்போதும் பழம்தான். பறிப்பது, பெட்டியில் அடுக்குவது, லாரியில் ஏற்றுவது, அத்தோடு எங்கள் உறவு முடிந்துவிடும். பாதிரியார் கொடுத்த கொடியைப் பாத்திரம்வரை கொண்டுபோனவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்றால் பார்க்காமல் இருக்க முடியுமா?

சென்னையிலிருந்து பலாலிக்கு இப்போது விமானம் இருக்கிறது. 2019 அக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரோடு திறந்தார்கள். சின்ன விமானம், தாழப் பறக்கும்போது ஜன்னலில் செம்மண் சதுரங்களும் பனைகளும் ஒவ்வொன்றாக எண்ணலாம்போலத் தெரிகின்றன. இறங்கி வெளியே வரும் வழியில் இருக்கும் ஊர் வயாவிளான். தோலகட்டி அதை ஒட்டியது. யாழ்ப்பாணத்தில் வைன் என்றதும் மக்கள் வாயில் வரும் பெயர் தோலகட்டி. அன்று அங்கே நிற்கவில்லை. அரியாலையில் ஒரு நண்பரின் வீட்டில் மத்தியானச் சாப்பாட்டோடு எனக்காகக் காத்திருந்தார்கள்.

அரியாலை யாழ் நகரத்தின் கிழக்கு வாசல். கண்டி வீதி என்று அவர்கள் சொல்லும் ஏ9 நெடுஞ்சாலை செம்மணி வெளியையும் கடலேரியையும் தாண்டி ஊருக்குள் நுழையும் இடம். நண்பரின் அம்மா அங்கே தனியாக இருக்கிறார். மகன் ஜேர்மனியில். வீட்டைச் சுற்றிப் பனை, மா, ஒரு பழைய கிணறு. "வாங்கோ தம்பி, கைகால் கழுவிப்போட்டு இருங்கோ" என்று சொல்லிவிட்டு என்னைக் கேள்வி ஒன்றும் கேட்காமல் முதலில் சோறு போட்டார். எதற்கு வந்திருக்கிறேன் என்று சாப்பிட்டு முடித்த பிறகுதான் கேட்டார். சொன்னேன்.

"உதுக்கு ஏன் தூரம் போறியள்? கொழும்புத்துறையில சிஸ்டர்மார் விக்கினம். சைக்கிள் நிக்குது, எடுத்துக்கொண்டு போங்கோ" என்றார்.

அரியாலையிலிருந்து கொழும்புத்துறை பக்கம்தான். ரயில் கடவையைத் தாண்டினால் வீதி ஒடுங்குகிறது. இருபுறமும் மதில்கள், மதிலுக்கு மேல் வேம்பு. கடற்கரைக்குப் போனால் பழைய இறங்குதுறை, எதிரே கடலேரி, அதற்கு அப்பால் பூநகரிப் பக்கம். இந்தச் சின்ன ஊருக்குள் குருக்களாவதற்கு மாணவர்கள் படிக்கும் புனித பிரான்சிஸ் சவேரியார் குருமடமும் இருக்கிறது, யோகர் சுவாமிகள் நெடுங்காலம் வாழ்ந்த ஆச்சிரமமும் இருக்கிறது. சைவர்களும் கத்தோலிக்கரும் தங்கள் தங்கள் மௌனங்களோடு அடுத்தடுத்து வாழ்ந்த ஊர் என்று எனக்குத் தோன்றியது. அந்த நினைப்பு அன்று முழுதும் என்னை விடவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

செபமாலைக் கன்னியர் மடம் அங்கேதான். வாசலில் சுற்றுலாப் பயணிக்கென்று எந்த ஆரவாரமும் கிடையாது. ஐரோப்பாவில் இப்படி ஓர் இடத்துக்குப் போனால் சீட்டு வாங்க வேண்டும், வழிகாட்டி வருவார், நிலவறைப் படிகளில் இறக்குவார், மிடாக்களைத் தட்டிக் காட்டுவார், கடைசியில் வரிசையாகக் கண்ணாடிக் குவளைகள் வைப்பார். இங்கே விற்பனைக்கு ஓர் இடம், போத்தல்கள், ஒரு சிஸ்டர். ரொசெட்டோ என்ற பெயரில் வைன், திராட்சைச் சாறு, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் நெல்லிரசம். சாறிலும் நெல்லியிலும் மதுச்சத்து கிடையாது. வெயிலில் வந்தவனுக்கு நெல்லியைத் தண்ணீரில் கலந்து குடித்தால் உடனே தெம்பு வருகிறது.

உள்ளே பார்க்கலாமா என்று கேட்டேன். "இது மடம், ஐயா. உள்ளுக்க விடுறேல்ல" என்றார் சிஸ்டர், மிக மென்மையாக. மடத்தின் ஒழுங்கு அது, அவர் அப்படிச் சொன்னதே எனக்குப் பிடித்திருந்தது. காட்டுவதற்காக வாழாத ஒரு வாழ்க்கையை நான் கேட்டேன் என்பதற்காக அவர்கள் ஏன் திறந்துகாட்ட வேண்டும்? நான் திராட்சைக்காரன் வீட்டுப் பிள்ளை என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. எங்கள் பக்கத்து ரகம் எது, எத்தனை மாதத்தில் பழுக்கும், அடிச்சாம்பல் நோய் வருமா என்று அவரே கேட்கத் தொடங்கினார்.

"இதுதான் பூசைக்கு வைக்கிறதா, சிஸ்டர்?"

"இல்லை. இதில கறுவா, கராம்பு எல்லாம் போட்டிருக்கு. பூசைக்கு அப்பிடி ஒண்டும் சேர்க்கேலாது."

அது திருச்சபையின் கறாரான விதி. திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 924-ஆம் விதி, பூசைக்கான ரசம் திராட்சையிலிருந்து இயற்கையாக வந்ததாக இருக்க வேண்டும், கெட்டுப்போகாததாக இருக்க வேண்டும் என்கிறது. பீடத்தில் குரு ஒரு துளித் தண்ணீர் சேர்ப்பார், வேறெதுவும் கூடாது. இந்த விதிதான் கொடியைக் கடல் கடந்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. எங்கே பூசை நடக்க வேண்டுமோ அங்கே திராட்சை ரசம் போய்ச் சேர்ந்தாக வேண்டும். யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தர் 1658-இல் பிடித்துக் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தபோது குருக்கள் இல்லாமல் போனார்கள். 1687-இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் மாறுவேடத்தில் வந்து, சில்லாலையில் தங்கி, ஒளித்து ஒளித்துப் பூசை வைத்தார். 2015 ஜனவரியில் கொழும்புக் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தாரே, அவர்தான். ஒரு வீட்டின் பின்னறையில், வெளியே காவல் வைத்து, ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றப்பட்ட அந்த ரசம் எந்தக் கப்பலில், யார் மடியில் வந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். தமிழருக்கு வைன் கடல் வழி வருவது புதிதும் அல்ல. யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் பருகுவதை நக்கீரர் புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் பாடியிருக்கிறார். அரிக்கமேட்டில் அந்த ரோமானிய மதுச்சாடிகளின் உடைசல்கள் மண்ணுக்குள்ளிருந்து எடுக்கப்பட்டிருக்கின்றன. அது அரசனுக்கு வந்தது. யோசேப் வாஸ் காலத்தில் வந்தது ஒளிந்திருந்த ஏழைகளுக்கு.

சுவை பார்த்தது அன்று மாலை, அரியாலை வீட்டு விறாந்தையில். அம்மா பருத்தித்துறை வடை எடுத்து வைத்தார். காரமும் பெருஞ்சீரகமும் கலந்த அந்தத் தட்டை வடை உடையும் சத்தத்தோடுதான் போத்தலைத் திறந்தோம். கண்ணாடிக் குவளையில் ஊற்றி விளக்குக்கு எதிரே பிடித்தேன். அடர்ந்த சிவப்பு, ஓரத்தில் கொஞ்சம் பழுப்பு ஓடுகிறது. மூக்கருகே கொண்டுபோனால் முதலில் கராம்பு. அதன் பின்னால் கறுவா. பழத்தின் மணம் மூன்றாவதாகத்தான் வருகிறது. வாயில் நல்ல இனிப்பு. நான் தேடியது தோலின் துவர்ப்பை. பன்னீர் திராட்சையைப் பல்லால் கடித்துத் தோலை மென்றால் நாக்கின் ஓரத்தில் ஒரு பிடிப்பு வரும், பழம் நன்றாக விளைந்ததா என்று எங்கள் ஊரில் அதை வைத்துத்தான் சொல்வோம். இரண்டாவது மிடற்றில், இனிப்பு இறங்கிய பிறகு, அது வந்தது. மெலிதாக, ஆனால் ஐயமில்லாமல். கொடியில் விளைந்த சாமான் இது என்று தெரிந்தது.

அம்மா ஒரு கரண்டிதான் எடுத்துக்கொண்டார். "நத்தாருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கேக்கோட கொண்டந்து தருவினம். நாங்கள் சைவம், எண்டாலும் இது சுவாமிமார் செய்யிறது, வேண்டாமெண்டு சொல்லுறேல்ல" என்றார். தொலைபேசியில் மகன் வந்தார். ஜேர்மனியில் மார்கழிச் சந்தையில் குளிருக்குக் கோப்பையில் சூடாக விற்கும் குளூவைன் இதே மணம்தான், முதல் தடவை அதைக் குடித்தபோது ஊர் நினைவு வந்து நின்றுவிட்டேன் என்று சொன்னார். அங்கே பனிக்கு இதமாகக் கறுவாவும் கராம்பும் போடுகிறார்கள். அந்தக் கறுவா இந்தத் தீவின் தெற்கில் விளைவது. போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் இங்கே கொண்டுவந்ததே அந்தப் பட்டைதான்.

ஏன் இனிப்பு, ஏன் வாசனைச் சரக்கு என்பதற்கு இன்னொரு விளக்கமும் உண்டு. திராட்சையை நசுக்கி வைத்தால் நொதி அதிலுள்ள சர்க்கரையைத் தின்று மதுச்சத்தாக மாற்றுகிறது. மெதுவாக நடக்க வேண்டிய வேலை அது. வெப்பம் ஏறினால் நொதித்தல் வேகமெடுக்கும், பழத்தின் நுட்பமான மணங்கள் ஆவியோடு ஆவியாகப் போய்விடும், முப்பத்தைந்து பாகையைத் தாண்டினால் நொதியே தளர்ந்துபோகும். பிறகு வைத்து முதிரச்செய்வதற்கும் குளிர்ச்சி வேண்டும். யாழ்ப்பாணத்தில் வருஷம் முழுக்க வெக்கை. இந்த வெக்கையில் மெல்லிய உலர் வைனை வருஷக்கணக்கில் வைத்துக் காப்பது பெரும்பாடு. இனிப்பும் கராம்பும் கறுவாவும் அந்த நிலத்துக்கு ஏற்ற வழி. பிரெஞ்சு வைனை மனதில் வைத்துக்கொண்டு இதைக் குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தந்த வெயிலுக்கு அந்தந்தச் சுவை.

நிலவறை தோண்டலாமே என்று கேட்கத் தோன்றும். கல்லும் அதற்கேற்ற கல்தான். பிரான்சில் ஷாம்பேன் தேசத்து ரெம்ஸ் நகரத்தின் அடியில் இருப்பது சுண்ணக்கல். ரோமானியர் காலத்திலிருந்து கல்லுக்காகத் தோண்டிய பள்ளங்கள் முப்பது மீட்டர் ஆழத்துக்கு இறங்குகின்றன. உள்ளே கோடையிலும் பத்துப் பாகைக் குளிர். அங்கேதான் லட்சக்கணக்கான போத்தல்கள் உறங்குகின்றன. அந்த மலைச்சரிவுகளையும் நிலவறைகளையும் 2015-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. யாழ்ப்பாணக் குடாநாடும் சுண்ணக்கல் பாறைதான், ஒரு காலத்தில் கடலடியில் படிந்து உயர்ந்தது. ஆனால் இங்கே வற்றாத ஆறு கிடையாது. மாரி மழை அந்தக் கல்லின் வெடிப்புகளில் இறங்கி, கீழே உப்புத் தண்ணீரின் மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. அதைத்தான் கிணறு வெட்டி இறைக்கிறார்கள், அதில்தான் குடாநாடு உயிர்வாழ்கிறது. நிலாவரைக் கிணற்றின் படியில் நின்று பார்த்தால் புரியும், கல்லுக்குள் எவ்வளவு தண்ணீர் என்று. அங்கே நிலவறை வெட்டினால் கிணறாகிவிடும். ரெம்ஸில் சுண்ணக்கல் மதுவைக் காக்கிறது, யாழ்ப்பாணத்தில் தண்ணீரைக் காக்கிறது.

அப்படியானால் இங்கே பழமை எதில் இருக்கிறது?

1926-இல் பாப்பரசர் 11-ஆம் பத்திநாதர் வெளியிட்ட ஒரு சுற்றுமடல், மறைபரப்பு நாடுகளிலும் தியானத் துறவற மடங்கள் எழும்ப வேண்டும் என்று வற்புறுத்தியது. அப்போது யாழ்ப்பாண ஆயர் அல்பிரட் கியோமார். அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர். அவர் இந்தப் பொறுப்பைக் கொடுத்தது தன்னுடைய சபையின் யாழ்ப்பாணத்துக் குரு ஒருவரிடம். 1886-இல் பாண்டியன்தாழ்வில் பிறந்தவர், உடம்பு எப்போதும் நோஞ்சான், பெயர் தோமஸ். அவர் 1928-இல் தோலகட்டியில் தொடங்கியதுதான் செபமாலைத் தாசர் சபை. ஐரோப்பாவின் மடம் ஒன்றைக் கிளையாகக் கொண்டுவந்து நடாமல் இந்த மண்ணிலேயே முளைத்த தியானத் துறவற சபை. மௌனம், மரக்கறி உணவு, கைத்தொழில், முறைவைத்து இடைவிடாமல் செபமாலை. வந்து பார்க்கும் சைவருக்கும் இந்த வாழ்வு அந்நியமாக இருந்திருக்காது. பின்னர் கன்னியருக்கும் தனிச்சபை உண்டானது. கொழும்புத்துறையில் எனக்கு நெல்லிரசம் தந்த சிஸ்டர் அந்த வழி வந்தவர்.

தோமஸ் அடிகளார் 1964 ஜனவரியில் இறந்தார். கொழும்புத்துறை யோகர் சுவாமிகள் அதே 1964 மார்ச்சில். இரண்டு மாத இடைவெளியில் யாழ்ப்பாணம் தன் இரண்டு பெரிய மௌனிகளை இழந்தது. இருவரும் சந்தித்தார்களா என்று ஆராய எனக்கு விருப்பமில்லை. ஒரே வெயிலில், ஒரே தண்ணீரைக் குடித்து, பேச்சைக் குறைத்துக்கொண்டு வாழ்வதுதான் பெரிய வாழ்வு என்று இரண்டு சமயத்திலிருந்தும் இரண்டு பேர் கண்டார்கள். எனக்கு அது போதும்.

1990-இல் பலாலிப் படைத்தளத்தைச் சுற்றி வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேறினார்கள். வயாவிளான், தோலகட்டி எல்லாம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டன. வீடும் கோயிலும் கிணறும் தோட்டமும் முள்கம்பிக்கு உள்ளே. ஒரு பந்தலைக் கவாத்து செய்யாமல் ஒரு வருஷம் விட்டுவிட்டாலே கொடி காடாகிவிடும் என்பது எனக்குத் தெரியும். அங்கே பல பத்தாண்டுகள். ஐந்து வருஷம் கழித்து, 1995 அக்டோபர் 30 அன்று, மிச்சமிருந்த வலிகாமமே எழும்பி நடந்தது. ஒரே இரவில் லட்சக்கணக்கானவர்கள், மழையில், இந்த அரியாலையைத் தாண்டித்தான் செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தை நோக்கிப் போனார்கள். "இந்தப் படலையடியில நிண்டு பாத்தனான். சனம், சனம், சனம். பிறகு நாங்களும் இறங்கிட்டம்" என்றார் அம்மா. அதற்கு மேல் அவர் பேசவில்லை. அதே செம்மணியில், அரியாலைச் சித்துப்பாத்தி மயானத்தில், 2025-இல் மண்ணைத் தோண்டத் தோண்ட எலும்புக்கூடுகள் வந்தன. வைனைப் பற்றி எழுத வந்தவன் இதைச் சொல்லாமல் அந்த வீதியைக் கடக்க முடியாது.

தோட்டமும் துறவிகளும் பிரிந்துபோன கதை பிரான்சிலும் உண்டு. அங்கே பர்கண்டியில் க்ளோ த வூஜோ என்று புகழ்பெற்ற திராட்சைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் சிஸ்டெர்சியன் துறவிகள் தொடங்கியது. பிரெஞ்சுப் புரட்சியில் அரசு பறிமுதல் செய்தது, துறவிகள் போய்விட்டார்கள். இன்றைக்கும் அந்த மதில் இருக்கிறது, கொடி இருக்கிறது, ராட்சதச் செக்குப்போன்ற பழைய மரப் பிழிபொறிகள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றிக்காட்டுகிறார்கள். துறவிகள் மட்டும் இல்லை. இதற்கு நேர் எதிரான கதையும் அந்த நாட்டிலேயே நடந்தது. கார்த்தூசியன் துறவிகள், அவர்களும் மௌனிகள், மூலிகைகளில் வடிக்கும் ஷார்த்ரூஸ் என்ற மது. 1903-இல் அரசு அவர்களை நாட்டைவிட்டே வெளியேற்றியது. ஆலை பிரான்சில் இருந்தது, பெயரும் அங்கேயே இருந்தது. ஆனால் பக்குவம் துறவிகளோடு ஸ்பெயின் போய்விட்டது. தாரகோனாவில் உட்கார்ந்து அவர்கள் தொடர்ந்து வடித்தார்கள். பிரான்சில் அந்தப் பெயரை வாங்கியவர்களால் அந்தச் சுவையைக் கொண்டுவர முடியவில்லை. பின்னாளில் துறவிகள் திரும்பி வந்தார்கள்.

யாழ்ப்பாணத்தின் கதை இந்த இரண்டாவது வகை. தோலகட்டி மண் பூட்டிக் கிடந்த காலத்திலும் கொழும்புத்துறையில் கன்னியர் வைன் விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். 2000-களில் போருக்கு நடுவே வந்த வெளிநாட்டுப் பயணிகள்கூட அந்த மடத்து வாசலைத் தேடிப் போயிருக்கிறார்கள். அவர்களிடம் பழைய மிடா இல்லை, கல் வளைவு வைத்த நிலவறை இல்லை. அதிகாலையில் எழும்பும் ஒழுங்கு இருந்தது, பழத்தைக் கழுவும் கை இருந்தது, எவ்வளவு கறுவா எவ்வளவு கராம்பு என்று மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் இருந்தது. வரலாற்றுச் சிறப்புள்ள நிலவறை என்று உலகம் சொல்வது கட்டடத்தை. இங்கே அந்த இடத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள். தலைமுறையாகப் பேச்சைக் குறைத்துப் பழகியவர்கள் ஒரு பக்குவத்தை விடாமல் கைமாற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை நான் மிகப் பெரிய காரியமாக நினைக்கிறேன். யாழ்ப்பாணச் சுற்றுலாக் கையேடுகளில் கோட்டைக்கும் நூலகத்துக்கும் நல்லூருக்கும் பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது. இவர்களுக்கு இரண்டு வரி.

மறுநாள் காலையில் பலாலி வீதியில் வடக்கே போனேன். திருநெல்வேலி, கோண்டாவில், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன். மாசி மாதம், காலைப் பனி இன்னும் விலகவில்லை. உரும்பிராயைத் தாண்டும்போது மண்ணின் நிறம் மாறுவது கண்ணில் படுகிறது. நல்ல இரத்தச் சிவப்பு. வெங்காயப் பாத்தி, புகையிலை, வாழை. பனையோலையை வெட்டிப் பாத்திக்குள் புதைத்து உரமாக்கும் வழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. எங்கள் பக்கம் பனை அவ்வளவு இல்லாததால் எனக்கு அது புதுசு.

வயாவிளானில் திரும்பினால் சில காணிகளில் புது வீடு எழுந்திருக்கிறது. பக்கத்திலேயே கூரையில்லாத சுவர்கள், சுவருக்குள் மரம். போருக்குப் பின் துண்டு துண்டாகத்தான் நிலத்தை விட்டிருக்கிறார்கள். 2015-க்குப் பிறகு வந்து குடியேறியவர்களும் உண்டு, இன்னும் வேலிக்கு வெளியே நிற்பவர்களும் உண்டு. தோலகட்டி ஆச்சிரமத்தில் செப நேரம். வாசலுக்கு வெளியே மர நிழலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மேலே சென்னை விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ஓடுபாதைக்காகத்தான் இந்த ஊர்கள் வெறுமையாயின. அதே ஓடுபாதையில் இறங்கித்தான் நானும் வந்தேன். இந்த இரண்டும் உண்மை, ஒன்றுக்காக மற்றதை மறக்க எனக்கு மனம் வரவில்லை.

திரும்பும் வழியில் உரும்பிராய்ப் பக்கம் வீதியோரமாக ஒரு பந்தல் கண்ணில் பட்டது. நிறுத்தி இறங்கினேன். உள்ளே ஒருவர் கொடிக்கு அடியில் குந்தியிருந்து காய்ந்த இலையைக் கூட்டிக்கொண்டிருந்தார். முந்திரிகைத் தோட்டம் பார்க்க வந்தீங்களோ என்று கேட்டார். திராட்சையை அங்கே முந்திரிகை என்றுதான் சொல்கிறார்கள். தூண் சீமெந்துத் தூண், எங்கள் பக்கம் போலக் கல் அல்ல. கம்பி ஒரே மாதிரி. ரகம் இஸ்ரேல் புளூ, யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் அதுதான். இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்த தடம். மாரியில் வந்தது என்றார். போர்டோ கலவை அடிக்கிறீர்களா என்றேன். "அடிக்கிறனாங்கள். கார்த்திகையில மழை விட்டாத்தானே அடிக்கிறது?"

வடகீழ்ப் பருவமழை முழுவதையும் குடாநாடு ஐப்பசி முதல் மார்கழிவரை வாங்கிக்கொள்கிறது. எங்களுக்கு மேற்குத் தொடர்ச்சி மலை மறைப்பு, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர். அதனால் இரண்டு வருஷத்தில் ஐந்து அறுவடைவரை எடுப்போம் என்றேன். அவர் நம்பாமல் பார்த்தார். கவாத்திலிருந்து பழம்வரை எத்தனை நாள் என்று கேட்டார். நூற்றுப்பத்திலிருந்து நூற்றிருபது என்றேன். குச்சியை எடுத்துச் செம்மண்ணில் மாதங்களைக் கோடு போட்டார்.

"இப்ப மாசியில வெட்டினா ஆனி பிறக்கப் பழம். ஆனி முதலிலயே திருப்பி வெட்டினா ஐப்பசி மழைக்கு முன்னம் எடுத்துப்போடலாம். பத்து நாள் பிந்தினாப் போச்சு. அப்ப பழம் பறிச்ச கையோட வெட்டோணும்."

"பறிச்ச உடனே வெட்டக்கூடாது. கொடிக்குக் கொஞ்சம் ஓய்வு வேணும்."

"ஓய்வு குடுத்தா மழை பிடிச்சிடும், தம்பி."

அதுதான் சிக்கல். எங்கள் ஊர்க் கணக்கு அந்த மழைக்கு ஒத்துவராது. ஓய்வைக் குறைத்து இரண்டாம் போகத்தைக் காப்பதா, இரண்டாம் போகத்தை விட்டுக் கொடியைக் காப்பதா என்று வெயில் ஏறும்வரை பேசினோம். அவர் கத்திரியை என் கையில் தந்து, ஓரத்திலிருந்த ஒரு கொடியை எங்கள் பக்கத்து முறையில் வெட்டிக் காட்டச் சொன்னார். தடித்த குச்சிகளில் நான்கு கண் விட்டு வெட்டினேன், மெலிந்தவற்றில் இரண்டு. அடுத்த கொடியை அவர் தன் வழக்கப்படி வெட்டினார். இரண்டு தூணிலும் ஆளுக்கொரு துணிக்கிழிசலை அடையாளத்துக்குக் கட்டிவிட்டு, ஆனியில் குலை பழுத்ததும் இரண்டையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொல்லி என் எண்ணை வாங்கிக்கொண்டார்.